60 பர்சன்ட் அடைப்பு, உக்காந்திருந்தா ஒண்ணுமே தெரியல, நடந்தா மட்டும் நெஞ்சு இறுக்குது, ஏன்?

அண்ணாநகர்பையன் | காலை 7.12

எல்லாருக்கும் வணக்கம். அப்பாவுக்கு 63 வயசு, பிபி ரொம்ப நாளா இருக்கு. டவர் பார்க்ல காலைல நடக்கும்போது ரெண்டாவது ரவுண்டு வந்தா நெஞ்சு நடுவுல இறுக்கிப் பிடிக்குது, நின்னா கொஞ்ச நேரத்துல போயிடுதுன்னு சொன்னாரு. டிரெட்மில் டெஸ்ட் பாசிட்டிவ். ஆஞ்சியோ பண்ணதுல எல்ஏடில, அதாவது ஹார்ட்டோட முன்பக்கத்துக்கு ரத்தம் குடுக்குற இடது கொரோனரி கிளைல, 60 பர்சன்ட் அடைப்பு. அடுத்த நாளே ஸ்டென்ட்னு நினைச்சு பணமெல்லாம் ரெடி பண்ணிட்டு நின்னேன், டாக்டர் என்னடான்னா "அவசரம் வேணாம், எஃப்எஃப்ஆர்னு ஒரு டெஸ்ட் பாத்துட்டு முடிவு பண்ணலாம்"னுட்டாரு.

எனக்குப் புரியாதது இதுதான். பாதிக்கு மேல அடைச்சிருக்குன்னா சோபால உக்காந்து டிவி பாக்கும்போதும் ரத்தம் கம்மியாதானே போகணும், அப்போ ஏன் ஒண்ணுமே தெரியல? அப்புறம் கண்ணால பாத்தே 60னு சொல்லிட்டாங்க, அதுக்கு மேல இன்னொரு டெஸ்ட்ல புதுசா என்ன தெரியப் போகுது? ஓபில கூட்டம், விவரமா கேக்க முடியல. தெரிஞ்சவங்க சொல்லுங்க.

பெரம்பூர்க்காரன் | காலை 7.40

தம்பி தள்ளிப்போடாதீங்க. என் மச்சானுக்கு 70 இருந்துச்சு, அன்னிக்கே வெச்சாங்க, இப்போ நல்லா இருக்காரு. டெஸ்ட் மேல டெஸ்ட் எழுதுறதே பில்லு ஏத்தத்தான்.

உடலியல்டீச்சர் | காலை 9.05

தம்பி, உங்க ரெண்டு கேள்விக்கும் பதில் ஒரே இடத்துலதான் இருக்கு. நான் மெடிக்கல் காலேஜ்ல பிசியாலஜி எடுக்குறேன், எனக்கு ரொம்பப் பிடிச்ச பாடம் இது, கொஞ்சம் நீளமாவே எழுதுறேன், நிதானமா படிங்க.

ஹார்ட்டுக்குள்ள எந்நேரமும் ரத்தம் ரொம்பித்தான் இருக்கு, ஆனா அந்த ரத்தம் ஹார்ட்டோட சதைக்கு நேரடியா உதவாது, உள்பக்கச் சுவர்ல ஒரு மில்லிமீட்டர்ல பத்துல ஒரு பங்கு ஆழம் வரைக்கும்தான் அதுலேருந்து எதாவது கிடைக்கும். மத்த அத்தனை சதைக்கும் சோறு போடுறது, ஹார்ட்டுலேருந்து வெளிய போற பெரிய குழாயான அயோட்டா கிளம்புற இடத்துல, வால்வுக்குக் கொஞ்சம் மேல பிரியுற ரெண்டு கொரோனரி குழாய்தான். சும்மா இருக்கும்போது அது வழியா நிமிஷத்துக்கு 225லேருந்து 250 மில்லி வரைக்கும் ஓடும், ஹார்ட் வெளிய தள்ளுற மொத்த ரத்தத்துல 4, 5 சதவீதம்.

இப்போ கவனிக்க வேண்டிய விஷயம். உடம்பு முழுக்க சேத்துப் பாத்தா, வர்ற ஆக்சிஜன்ல கால்வாசியத்தான் எடுத்துக்கிட்டு மீதிய அப்படியே திருப்பி அனுப்புது. கால் சதைக்கு வேலை ஜாஸ்தியானா அந்த மீதியிலேருந்து இன்னும் கொஞ்சம் எடுத்துக்கலாம். ஹார்ட்டுக்கு அந்த வசதி கிடையாது. நாம தூங்கும்போதே அது தனக்கு வர்ற ஆக்சிஜன்ல 70, 75 சதவீதத்த உறிஞ்சிடுது. கையிருப்புன்னு பெருசா ஒண்ணும் இல்ல. அதனால நடக்கும்போது, மாடிப்படி ஏறும்போது கூடுதலா ஆக்சிஜன் வேணும்னா அதுக்கு இருக்கிறது கிட்டத்தட்ட ஒரே வழி, ரத்தத்தோட அளவையே கூட்டணும். நல்ல ஹார்ட்ல அது மூணு நாலு மடங்கு, சில பேருக்கு அஞ்சு மடங்கு வரைக்கும் ஏறும்.

இதைக் கூட்டுறது குறைக்கிறது யாருன்னா, முக்காவாசி ஹார்ட்டேதான். மூளையிலேருந்து நரம்பு வழியா வர்ற உத்தரவுக்கு இதுல சின்ன பங்குதான். ஹார்ட் மாத்து ஆபரேஷன்ல நரம்பெல்லாம் அறுந்துடும், அப்பவும் புது ஹார்ட் தன் ரத்த ஓட்டத்தைத் தானே சரி பண்ணிக்குது.

ஆஞ்சியோ படத்துல தெரியுதே பெரிய குழாய்ங்க, அதுங்க நல்லா இருந்தா ரத்தத்துக்குப் பெருசா தடையே இல்ல. தடை எல்லாம் அதுக்கு அப்புறம் வர்ற, படத்துல கண்ணுக்கே தட்டுப்படாத நுண்குழாய்ங்கள்ல இருக்கு. ஒவ்வொண்ணையும் சுத்தி சதை இருக்கு, அது இறுகினா குழாய் சுருங்கும், தளந்தா விரியும். உள்ள பிரஷர் ஏறினா அந்தச் சதை தானா இறுகும், பிரஷர் இறங்கினா தானா தளரும், பேலிஸ்னு ஒருத்தர் 1902லயே இதைச் சொல்லிட்டாரு. அதோட, சுத்தியிருக்கிற ஹார்ட் சதை எவ்ளோ வேலை செய்யுதோ அதுக்கேத்த மாதிரி சில ரசாயனங்கள் வெளிய வந்து குழாயை விரிக்கும். இதெல்லாம் சேந்து வேலை பாக்குறதால கொரோனரிக்குள்ள பிரஷர் 60லேருந்து 140 வரைக்கும் எங்க இருந்தாலும், வேலைப்பளு மாறாத வரைக்கும், ரத்த அளவு ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும்.

இப்போ அப்பா விஷயத்துக்கு வாங்க. எல்ஏடில அடைப்பு இருக்கு, அதைத் தாண்டினதும் பிரஷர் குறையுது. கீழ இருக்கிற நுண்குழாய்ங்க என்ன பண்ணும், தளந்து விரிஞ்சு குடுக்கும், தடை குறைஞ்சுடும், ரத்தம் பழைய அளவுக்கே வந்துடும். அதனாலதான் சோபால உக்காந்திருக்கும்போது அவருக்கு ஒரு குறையும் தெரியல. ஆனா நடக்கும்போது விரியறதுக்காக வெச்சிருந்த இடத்துல பாதிய சும்மா இருக்கும்போதே செலவு பண்ணியாச்சு. ரெண்டாவது ரவுண்டுல இன்னும் விரியச் சொன்னா விரிய இடம் இல்ல, அதுதான் அந்த இறுக்கம்.

1974ல லான்ஸ் கூல்டுங்கிறவர் நாய்ங்கள்ல இதை அளந்தே காட்டினாரு. குழாயோட விட்டம் 85 சதவீதம் அடையிற வரைக்கும் சும்மா இருக்கும்போது போற ரத்தம் குறையவே இல்ல. ஆனா உச்சகட்டமா போகக்கூடிய ரத்தம் அதுக்கு ரொம்ப முன்னாடியே குறைய ஆரம்பிச்சுடுது.

ஆக 60ங்கிற நம்பர் குழாயோட நிழல் எவ்ளோ ஒடுங்கியிருக்குன்னு மட்டும்தான் சொல்லுது. கையில இன்னும் எவ்ளோ பாக்கி இருக்குன்னு சொல்லாது. உங்க டாக்டர் தேடுறது அந்தப் பாக்கியைத்தான்.

அண்ணாநகர்பையன் | காலை 9.31

மேடம் ரொம்ப நன்றி, இப்போதான் தலையும் வாலும் புரியுது. அம்மாவுக்கும் படிச்சுக் காட்டினேன்.

கிண்டிஎக்ஸ்பிரஸ் | காலை 10.18

மேடம் ஒரு சந்தேகம். ஹார்ட் அமுக்கும்போதுதானே பிரஷர் ஜாஸ்தி, அப்போ அமுக்குற நேரத்துலதான் கொரோனரிக்கும் நல்லா போகும்னு நான் இத்தனை நாள் நினைச்சிட்டிருந்தேன். ஆனா எங்கயோ நேர் எதிரா படிச்சேன், எது சரி?

உடலியல்டீச்சர் | காலை 11.50

நீங்க எதிரா படிச்சதுதான் சரி, இடது கீழ் அறைக்கு. கொரோனரி கிளைங்க சதைக்குள்ள புகுந்து போகுது. தண்ணி விடுற ஹோஸ் பைப்ப நாமளே மிதிச்சுக்கிட்டு நிக்கிற கதைதான், அந்தச் சதை இறுகும்போது தனக்கு வர்ற குழாயையே நசுக்கிடுது. அதனால இடது பக்கத்துக்குப் போற ரத்தத்துல ஏறக்குறைய 80 சதவீதம் ஹார்ட் தளர்ற நேரத்துலதான் போகுது. வலது அறை லேசாத்தான் அமுக்கும், அங்க ரெண்டு நேரமும் போகும்.

இதுல ஒரு கணக்கு இருக்கு பாருங்க. பல்ஸ் 60னா ஒரு துடிப்புக்கு ஒரு செகண்ட். அதுல அமுக்குறதுக்கு மூணுல ஒரு பங்கு போக மீதி தளர்ற நேரம். பல்ஸ் 120 ஆச்சுன்னா ஒரு துடிப்புக்கு அரை செகண்ட்தான், அமுக்குற நேரம் கொஞ்சம்தான் குறையும், பெரிய வெட்டு விழுறது தளர்ற நேரத்துல, அது பாதிக்கும் கீழ வந்துடும். அதாவது ஹார்ட்டுக்கு ரத்தம் அதிகமா தேவைப்படுற அதே நேரத்துலதான் அது தனக்கு வாங்கிக்கிற நேரம் சுருங்குது. நுண்குழாய்ங்க நல்லா விரிஞ்சா இதைச் சமாளிச்சுடலாம், விரிய இடம் இல்லாதவங்களுக்குத்தான் கஷ்டம். அதுலயும் நசுங்கல் ஜாஸ்தியா விழுறது உள்பக்கச் சதையில, அதனால ரத்தம் பத்தலன்னா முதல்ல அடி வாங்குறது அந்த உள்பக்கம்தான். டிரெட்மில்ல ஈசிஜி கோடு கீழ இறங்குதுன்னு சொல்றாங்களே, பெரும்பாலும் அந்த உள்பக்கம் போடுற சத்தம்தான் அது.

பிபியால சுவர் தடிச்சவங்களுக்கு இது இன்னும் மோசம், சதை கூடியிருக்கும், நுண்குழாய் அதே அளவுக்குக் கூடியிருக்காது.

மெரினாவாக்கர் | மதியம் 12.22

அப்போ வெயில் நேரத்துல நடந்தா சீக்கிரம் வலி வர்றதுக்கும் இதான் காரணமா மேடம்? எங்க குரூப்ல ஒருத்தர், மே மாசம் ஆனா லைட் ஹவுஸ் வரைக்கும் கூட வர மாட்டேங்குறாரு, டிசம்பர்ல உழைப்பாளர் சிலை தாண்டிப் போறாரு.

உடலியல்டீச்சர் | மதியம் 1.05

இருக்கலாம். வெயில்ல தோலுக்கு ரத்தம் அனுப்பி உடம்பைக் குளுத்தணும், வேர்வையில தண்ணி போகும், ரெண்டுக்கும் சேத்து பல்ஸ் ஏறும், அதே நடைக்கு ஹார்ட்டுக்கு வேலை கூடிடும். வயிறு முட்ட சாப்ட்ட உடனே நடந்தா சீக்கிரம் வலி வர்றதும் இதே கணக்குதான். ஆனா நடந்தா வலி வர்றவரை குரூப்போட கூட்டிட்டுப் போறதுக்கு முன்னாடி டாக்டர்கிட்ட அனுப்புங்க.

கேத்லேப்சிஸ்டர் | மதியம் 2.47

நான் ஆஞ்சியோ, ஸ்டென்ட் எல்லாம் பண்ற கேத் லேப்லதான் வேலை பாக்குறேன், எஃப்எஃப்ஆர் எப்படி பண்ணுவாங்கன்னு சொல்றேன், தெரிஞ்சா அப்பாவுக்கு பயம் இருக்காது.

ஆஞ்சியோ மாதிரியேதான், மணிக்கட்டு வழியா குழாய் போகும். அது வழியா 0.014 இன்ச் தடிமன்ல ஒரு ஒயர், நுனிக்குப் பக்கத்துல பிரஷர் அளக்குற சென்சார் இருக்கும். முதல்ல அதைக் கொரோனரி வாசல்லயே நிறுத்தி, வெளிக்குழாய் காட்டுற பிரஷரும் ஒயர் காட்டுற பிரஷரும் ஒண்ணா இருக்கான்னு சரி பாப்போம். ஸ்கிரீன்ல ரெண்டு கோடு ஒண்ணு மேல ஒண்ணு படிஞ்சு ஓடும். அப்புறம் ஒயரை அடைப்பைத் தாண்டி இறக்குவாங்க, ரெண்டு கோடும் கொஞ்சம் விலகும். அதுக்கப்புறம் அடினோசின் ஏத்துவோம், ஒரு கிலோ எடைக்கு நிமிஷத்துக்கு 140 மைக்ரோகிராம். அது மேடம் சொன்ன அந்த நுண்குழாய்ங்களை முழுசா விரிச்சு விட்டுடும், அதாவது படுத்திருக்கிற ஆளோட கொரோனரிய ஓடுற ஆளோடது மாதிரி ஆக்கிடும். அப்போ பாக்கணும், ஒயர் கோடு படிப்படியா கீழ இறங்கும், மேல இருக்கிறது கொஞ்சம்தான் அசையும். கீழ இருக்கிற பிரஷரை மேல இருக்கிறதால வகுத்தா வர்றதுதான் எஃப்எஃப்ஆர். 0.80 இல்ல அதுக்குக் கீழன்னா அந்த அடைப்பு நிஜமாவே ரத்தத்தைத் தடுக்குது. அதுக்கு மேலன்னா பெரும்பாலும் மருந்தே போதும்.

அடினோசின் ஓடும்போது முகம் சூடாகும், மூச்சு வாங்குற மாதிரி இருக்கும், நெஞ்சுல ஒரு அழுத்தம் வரும். அட்டாக் வந்துடுச்சுன்னு சில பேர் என் கையைப் பிடிச்சுப்பாங்க. மருந்த நிறுத்தின கொஞ்ச நேரத்துல போயிடும், ரத்தத்துல அது சில செகண்ட்தான் தங்கும். அப்பாகிட்ட இதை முன்னாடியே சொல்லி வைங்க. ஆஸ்துமா இருந்தா கட்டாயம் டாக்டர்கிட்ட சொல்லணும். இன்னொண்ணு, முந்தின நாள்லேருந்து காபி டீ வேணாம், உங்க ஆஸ்பத்திரில எத்தனை மணி நேரம் சொல்றாங்களோ அதைக் கேட்டுக்கோங்க.

பெரம்பூர்க்காரன் | மாலை 5.30

எல்லாம் சரி சிஸ்டர், ஆனா 60 பர்சன்ட்ட அப்படியே விட்டுட்டு நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா யாரு பொறுப்பு? 1975ல செரியன் சார் எங்க பெரம்பூர் ரயில்வே ஆஸ்பத்திரில நாட்டுலயே முதல் பைபாஸ் பண்ண காலத்துலேருந்து அடைப்புன்னா சரி பண்ணணும்னுதான் கேட்டு வளந்திருக்கோம்.

உடலியல்டீச்சர் | மாலை 6.15

அண்ணே, உங்க கவலை நியாயமானது, அதனாலதான் அதை அளந்தே பாத்திருக்காங்க. 2009ல ஃபேம்னு ஒரு ஆராய்ச்சி வந்துச்சு, ஒண்ணுக்கு மேல கொரோனரில அடைப்பு இருந்த 1005 பேர். பாதிப் பேருக்கு படத்தைப் பாத்தே ஸ்டென்ட் வெச்சாங்க, மீதிப் பேருக்கு எஃப்எஃப்ஆர் 0.80 இல்ல அதுக்குக் கீழ வந்த இடத்துல மட்டும். ஒரு வருஷம் கழிச்சு சாவு, அட்டாக், திரும்ப சரி பண்ண வேண்டிய நிலைமை மூணையும் சேத்துப் பாத்தா முதல் குரூப்ல 18.3 சதவீதம், ரெண்டாவதுல 13.2. கம்மியா ஸ்டென்ட் வெச்சவங்கதான் நல்லா இருந்தாங்க. தேவையில்லாத இடத்துல வெச்ச ஸ்டென்ட்டும் அடைக்கலாம், அதுக்கும் ஒரு விலை இருக்கு.

அதே ஆராய்ச்சில படத்துல 50லேருந்து 70 சதவீதம்னு தெரிஞ்ச அடைப்புகளைத் தனியா எடுத்துப் பாத்தாங்க, 35 சதவீதம்தான் நிஜமா ரத்தத்தைத் தடுத்துச்சு. அப்பாவோட 60 இந்தக் கட்டத்துலதான் வருது. தடுக்குற 35லயும் இருக்கலாம், தடுக்காத 65லயும் இருக்கலாம். படத்தை எவ்ளோ நேரம் உத்துப் பாத்தாலும் தெரியாது.

ஒண்ணு மட்டும் எல்லாரும் மனசுல வெச்சுக்கோங்க, நான் இவ்ளோ நேரம் பேசினது நடந்தா வந்து நின்னா போற வலியைப் பத்தி. சும்மா இருக்கும்போதே வலி வந்து போகலன்னா, வேர்த்துக் கொட்டினா, அது குழாய்ச் சுவர்ல இருக்கிற கொழுப்புக் கட்டி உடைஞ்சு குழாய் திடீர்னு அடைக்கிற கதையா இருக்கலாம், அப்போ எஃப்எஃப்ஆர் பேச்சே கிடையாது, உடனே 108.

மூணாம்வருஷமாணவன் | இரவு 9.02

மேடம், அடினோசின்தான் குழாயை விரிக்குதுன்னா காபில இருக்கிற கஃபீன் அதோட ரிசப்டரை, அதாவது அது போய் ஒட்டுற இடத்தை, அடைக்குது. அப்போ டிகிரி காபி குடிச்சுட்டு ஓடுறவங்களுக்கு ஹார்ட்டுக்கு ரத்தம் ஏறக்கூடாதே? எக்ஸாம்ல அடினோசின்னுதான் எழுதச் சொல்றாங்க.

உடலியல்டீச்சர் | இரவு 10.20

ரொம்ப நல்ல கேள்விப்பா. 1963ல பெர்ன் அடினோசினைச் சொன்னாரு, அழகான கருத்து: சதைக்கு ஆக்சிஜன் பத்தலன்னா, செல்லுக்கு சக்தி குடுக்குற ஏடிபி உடைஞ்சு அடினோசின் வெளிய வருது, அது குழாயை விரிக்குது, ரத்தம் வந்ததும் அடினோசின் அடிச்சுட்டுப் போயிடுது, குழாய் பழையபடி இறுகுது. பாடப் புஸ்தகத்துல அதுதான் முன்னாடி நிக்குது. ஆனா அதோட ரிசப்டரை மருந்தால அடைச்சுட்டு ஓட விட்டுப் பாத்தா, நல்ல ஹார்ட்ல ரத்தம் ஏறத்தான் செய்யுது, பெருசா குறையல.

ஏன்னா அது ஒண்ணு மட்டும் இல்ல. ஏடிபி குறைஞ்சா திறக்குற பொட்டாசியம் சேனல் இருக்கு, கார்பன் டை ஆக்சைடும் அமிலமும் இருக்கு, ஹைட்ரஜன் பெராக்சைடு இருக்கு, குழாயோட உள்சுவர் செல்லுங்க ரத்தம் வேகமா உரசும்போது விடுற நைட்ரிக் ஆக்சைடு இருக்கு. 1980ல ஃபர்ச்கோட் அந்த உள்சுவரைச் சுரண்டி எடுத்துட்டுப் பாத்தாரு, வழக்கமா குழாயை விரிக்கிற மருந்து விரிக்கல. அங்கேருந்து எதோ ஒண்ணு வருதுன்னு அப்படித்தான் தெரிஞ்சுது, 1998ல அவர், இக்னாரோ, முராட் மூணு பேருக்கும் நோபல். இதுல ஒண்ணைத் தடுத்தா இன்னொண்ணு அந்த வேலையைத் தூக்கிக்குது. உயிரே இதை நம்பி இருக்கும்போது உடம்பு ஒரே ஒரு ரசாயனத்த நம்பி உக்காந்திருக்காதுப்பா.

டெஸ்ட்ல மட்டும் காபி ஏன் வேணாம்னா, அங்க நாம வெளியேருந்து ஏத்துறது அடினோசின் ஒண்ணுதான். அதோட கதவை கஃபீன் சாத்திட்டா நுண்குழாய் முழுசா விரியாது, நம்பர் உண்மையைவிட நல்லதா காட்டிடும். எக்ஸாம்ல அடினோசின் எழுது, கூடவே மத்ததையும் எழுது, நான் திருத்தினா மார்க் போடுவேன்.

அண்ணாநகர்பையன் | ஞாயிறு, மாலை 4.44

எஃப்எஃப்ஆர் பண்ணியாச்சு, 0.74. அப்பவே ஸ்டென்ட் வெச்சுட்டு திரும்ப அளந்தாங்க, 0.91. அடினோசின் பத்தி சிஸ்டர் சொன்னதை முன்னாடியே சொல்லி வெச்சிருந்ததால அப்பா பதறல. இப்போ மெட்டோப்ரோலால், கொலஸ்ட்ரால் மாத்திரை, ரத்தம் உறையாம இருக்க ரெண்டு மாத்திரை, வலி வந்தா நாக்குக்கு அடியில வைக்க சார்பிட்ரேட். குழாயைத் திறந்தாச்சே, மெட்டோப்ரோலால் எதுக்குன்னு அப்பா கேக்குறாரு.

பெரம்பூர்க்காரன் | ஞாயிறு, மாலை 4.58

நல்லபடியா முடிஞ்சுது, சந்தோஷம் தம்பி. கடைசில வெச்சுத்தான் ஆகணும்னு வந்துச்சு பாத்தீங்களா.

உடலியல்டீச்சர் | ஞாயிறு, மாலை 6.10

ரொம்ப சந்தோஷம் தம்பி. அண்ணே, வெச்சது 60னால இல்ல, 0.74னால. பக்கத்து பெட்ல அதே 60 இருக்கிறவருக்கு 0.88 வந்திருந்தா மாத்திரையோட வீட்டுக்கு அனுப்பியிருப்பாங்க, அதுவும் சரியான முடிவுதான்.

மெட்டோப்ரோலால் பல்ஸைக் குறைக்கும், அதாவது தளர்ற நேரத்தைக் கூட்டும், ஹார்ட் வாங்கிக்கிற நேரம் கூடும், வேலையும் குறையும், அப்பாவுக்கு பிபியும் இருக்கே. எவ்ளோ நாள்ங்கிறதை டாக்டர் சொல்லுவாரு, தானா திடீர்னு நிறுத்தக் கூடாது. ரத்தம் உறையாம இருக்கிற மாத்திரை ரெண்டும் ஒரு நாள்கூட விடக்கூடாது, பல் பிடுங்கணும்னா கூட கார்டியாலஜிஸ்ட்டைக் கேக்காம நிறுத்தாதீங்க. சார்பிட்ரேட் நைட்ரிக் ஆக்சைடு வழியாத்தான் வேலை செய்யுது. வெயின்களைத் தளத்தி ஹார்ட்டுக்குத் திரும்பி வர்ற ரத்தத்தைக் குறைக்கும், அதனால வேலை குறையும், பெரிய கொரோனரியையும் கொஞ்சம் விரிக்கும். போட்டா பிபி இறங்கும், அதனால உக்காந்துதான் போடணும். சில்டெனாஃபில் மாதிரி மாத்திரை சாப்பிடுறவங்க இதைப் போடவே கூடாது, ரெண்டும் சேந்தா பிபி ஆபத்தா இறங்கிடும், வெக்கப்படாம டாக்டர்கிட்ட சொல்லிடணும்.

தாம்பரம்தேவி | ஞாயிறு, இரவு 8.35

மேடம், இதைப் படிச்சிட்டு தைரியமா கேக்குறேன். அம்மாவுக்கு 54, மாடி ஏறினா நெஞ்சு அடைக்குதுன்னு சொல்றாங்க. ஆஞ்சியோல குழாயெல்லாம் சுத்தமா இருக்குன்னு வந்துச்சு. அதுலேருந்து வீட்ல "கேஸ்", "மனசுல ஒண்ணுமில்லாம இரு"ன்னு எல்லாரும் சொல்ல ஆரம்பிச்சுட்டாங்க, அம்மா இப்போ வலின்னு வாயைத் திறந்தே சொல்றதில்ல. சுகர் இருக்கு. ஹீமோகுளோபின் 8.2.

உடலியல்டீச்சர் | ஞாயிறு, இரவு 9.27

அம்மா சொல்றதை நம்புங்க. ஆஞ்சியோல தெரியுறது பெரிய குழாய்ங்க மட்டும்தான்னு மேல எழுதினேன் இல்ல, இத்தனை வேலையும் பாக்குற நுண்குழாய்ங்க அந்தப் படத்துல வராது. அதுங்க சரியா விரியலன்னா படம் சுத்தமா இருக்கும், வலி நிஜமா இருக்கும். பொம்பளைங்களுக்கு இது ஜாஸ்தி, சுகர் அந்த உள்சுவரைத்தான் கெடுக்கும். இதுக்கும் அடினோசின் குடுத்து அளக்குற டெஸ்ட் இருக்கு, நுண்குழாய் பக்கம் ஓட்டம் எவ்ளோ மடங்கு ஏறுதுன்னு பாப்பாங்க, பெட் ஸ்கேன்ல, எம்ஆர்ஐல, ஒயர் வெச்சும் பண்ணலாம்.

ஆனா அதுக்கு முன்னாடி 8.2ஐ கவனிங்க. ஹீமோகுளோபின் அவ்ளோ கீழன்னா ஒவ்வொரு மில்லி ரத்தமும் மூணுல ரெண்டு பங்கு ஆக்சிஜனைத்தான் தூக்கிட்டு வருது. ஏற்கனவே எடுக்க முடிஞ்சதையெல்லாம் எடுத்துக்கிட்டிருக்கிற ஹார்ட் சும்மா இருக்கும்போதே ஓட்டத்தைக் கூட்டி வெச்சுதான் சமாளிக்கணும், மாடி ஏறுறதுக்கு மிச்சம் என்ன இருக்கும்? ரத்தம் ஏன் குறைஞ்சுதுன்னு முதல்ல பாருங்க, பீரியட்ஸ் போக்கு அதிகமா, வயித்துல எங்கயாவது கசியுதா, இரும்புச்சத்து எவ்ளோ. அது சரியான பிறகும் வலி இருந்துச்சுன்னா நுண்குழாய் டெஸ்ட் வேணும்னு கார்டியாலஜிஸ்ட்கிட்ட பேரைச் சொல்லியே கேளுங்க.

தாம்பரம்தேவி | ஞாயிறு, இரவு 9.50

பீரியட்ஸ் ஒரு வருஷமாவே ரொம்ப அதிகம் மேடம், யாரும் கேக்கல, அம்மாவும் சொல்லல. நாளைக்குக் காலைலயே கூட்டிட்டுப் போறேன்.

கேத்லேப்சிஸ்டர் | ஞாயிறு, இரவு 10.04

மகப்பேறு டாக்டரையும் ஜெனரல் மெடிசினையும் ஒரே நாள்ல பாத்துடுங்க, பழைய ஆஞ்சியோ சிடியையும் ரத்த ரிப்போர்ட் எல்லாத்தையும் கையோட எடுத்துட்டுப் போங்க. வலி எப்போ வருது, எத்தனை படி ஏறினா வருது, எவ்ளோ நேரத்துல போகுதுன்னு இன்னிக்கே அம்மாவை உக்கார வெச்சு ஒரு பேப்பர்ல எழுதிடுங்க, அங்க போனா "ஒண்ணுமில்ல டாக்டர்"னு சொல்லிடுவாங்க.